எமது முதல் அதிபர் புளோரன்ஸ் ஃபார் அம்மையார்

இராமநாதன் கல்லூரியின் வரலாற்றைச் சொல்லப் புகுபவர்கள் மூன்று பெயர்களோடு தொடங்குவது வழக்கம். நிறுவுநர் சேர் பொன்னம்பலம் இராமநாதன், அவருடைய துணைவியார் லீலாவதி அம்மையார், மருமகன் சு. நடேசபிள்ளை. பரிசளிப்பு விழாக்களிலும் நிறுவுநர் நினைவு நாட்களிலும் நாம் கேட்டு வளர்ந்த பெயர்கள் இவை. இந்த நூற்றாண்டு மலரிலும் அவர்களைப் பற்றி என்னைவிடத் தகுதியுடையோர் எழுதுவார்கள். எனக்குத் தரப்பட்ட பக்கங்களில் நான்காவது பெயர் ஒன்றைச் சேர்க்க விரும்புகின்றேன். அது 1913இல் கல்லூரி திறக்கப்பட்டபோது அதிபர் ஆசனத்தில் இருந்த புளோரன்ஸ் ஃபார் அம்மையாரின் பெயர். நான் வரலாறு படித்தவள் அல்லள். கிளிநொச்சியிலே வைத்தியராகக் கடமையாற்றுபவள். ஆயினும் இந்த அம்மையாரின் பிறப்பும் இறப்பும் என் தொழிலோடு தொடர்புபட்டவை என்பதால் எழுதத் துணிந்தேன்.

முதலில் மருதனார்மடத்தில் இப்படி ஒரு கல்லூரி ஏன் எழுந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். எமது மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உடுவில் மகளிர் கல்லூரி இருக்கின்றது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் தொடங்கிய விடுதிப் பாடசாலை அது. ஆசியாவிலேயே பெண்களுக்கென எழுந்த மிகப் பழைய விடுதிப் பாடசாலைகளில் ஒன்று. அதன்பின் ஏறத்தாழ 90 ஆண்டுகள், யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்பிள்ளை நாலு எழுத்துக்கு மேலே படிக்க வேண்டுமானால் மிஷன் விடுதிக்குத்தான் போகவேண்டும் என்ற நிலை இருந்தது. ஆறுமுக நாவலர் பெருமான் ஆண்பிள்ளைகளுக்குச் சைவப் பாடசாலைகளை நிறுவினார். பெண்பிள்ளைகளுக்கு அந்த அளவில் எதுவும் அமையவில்லை. மதம் மாறிவிடுவாள் என்ற அச்சத்தில் பிள்ளையை வீட்டோடு வைத்திருந்த பெற்றோர் பலர். இந்த இடைவெளியை நிரப்பத்தான் இராமநாதன் துரை தம் சொந்தப் பணத்தைக் கொட்டி, உடுவிலுக்குப் பக்கத்திலேயே காணி வாங்கி, மாடிக் கட்டடங்களோடு ஒரு சைவ மகளிர் கல்லூரியை எழுப்பினார். திருமுறை ஓதும் சூழலில் ஆங்கிலக் கல்வி என்பது அவருடைய திட்டம். மிஷன் அம்மாமார் நடத்திய பாடசாலைக்கு மாற்றாகத் தொடங்கிய கல்லூரிக்கு அவர் தேடிப் பிடித்த அதிபரும் ஒரு வெள்ளைக்கார அம்மா என்பதை நினைத்தால் இன்று சிரிப்பு வரும். ஆங்கிலத்தில் உயர்கல்வி கற்பிக்கவல்ல சைவத் தமிழ்ப் பெண்ணை அன்று எங்கே தேடுவது? அப்படிப்பட்டவர்களை உருவாக்கத்தானே கல்லூரியே தொடங்கப்பட்டது.

இனி அம்மையாரின் தந்தையாரைப் பற்றி. மருத்துவபீடத்தில் படித்த எவருக்கும் வில்லியம் ஃபார் என்ற பெயர் தெரிந்திருக்கும். சமுதாய மருத்துவப் பாடத்தின் முதற் சில விரிவுரைகளிலேயே வந்துவிடுவார். இங்கிலாந்தின் பதிவாளர் நாயகம் அலுவலகத்தில் சுமார் 40 ஆண்டுகள் வேலை செய்தவர். நாட்டில் நிகழும் ஒவ்வொரு மரணத்தையும் எழுத வேண்டும், எதனால் என்பதையும் எழுத வேண்டும், எழுதியதை ஊர்வாரியாகவும் வயதுவாரியாகவும் தொழில்வாரியாகவும் அடுக்கிப் பார்க்க வேண்டும் என்று நிலைநாட்டியவர். இன்று உலகம் முழுவதும் வைத்தியர்கள் மரணச் சான்றிதழில் எழுதும் நோய் வகைப்பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். தொற்றுநோய் ஒன்று ஏறும் வேகத்தையும் தணியும் வேகத்தையும் கணக்கிட்டு ஒரு விதியாகச் சொல்லலாம் என்று 1840இல் பெரியம்மை இலக்கங்களை வைத்துக் காட்டியவர். லண்டனில் கொலரா பரவியபோது அது கெட்ட காற்றால் வருகின்றது என்றுதான் அவரும் முதலில் நம்பினார். 1866இல் கிழக்கு லண்டனில் மீண்டும் பரவியபோது அவர் திரட்டிய இலக்கங்களே குற்றவாளி குடிநீர்தான் என்று காட்டின. தம் பழைய எண்ணத்தைக் கைவிட அவர் தயங்கவில்லை.

கிரிமியாப் போரில் இறந்த படைவீரர்களின் கணக்கை எடுக்க புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாருக்குத் துணைநின்றவரும் இவரே. 1860இல் தமக்கொரு பெண்பிள்ளை பிறந்தபோது அந்தத் தோழியின் பெயரையே வைத்தார். அந்தப் பிள்ளைதான் எமது முதல் அதிபர்.

நான் யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் வில்லியம் ஃபாரைப் பற்றிக் குறிப்பெடுத்த காலத்தில் இந்தத் தொடர்பை எவரும் எமக்குச் சொன்னதில்லை. பட்டமேற்படிப்புப் பயிற்சிக்காக இங்கிலாந்தில் ஓராண்டு இருந்தபோது, ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் பற்றிய ஒரு நூலைப் புரட்டுகையில் “இராமநாதன்”, “யாழ்ப்பாணம்” என்ற சொற்கள் கண்ணிற் பட்டன. அங்கிருந்து தேடத் தொடங்கினேன். தேடியதில் இன்னொரு பொருத்தமும் கிடைத்தது. இராமநாதன் துரையின் தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கையின் பதிவாளர் நாயகமாக இருந்தவர். 1901 குடிசன மதிப்பை நடத்தி அதன் பெரிய அறிக்கையை எழுதியவர். வில்லியம் ஃபார் இங்கிலாந்தில் செய்த வேலையை இங்கே செய்தவர் எமது நிறுவுநரின் தம்பி. ஒருவரின் மகள், மற்றவரின் தமையன். இருவரும் சேர்ந்து நடத்திய கல்லூரி எங்களுடையது.

மகள் தந்தையின் வழியிற் செல்லவில்லை. செல்ரனாம் மகளிர் கல்லூரியிலும் லண்டன் குயின்ஸ் கல்லூரியிலும் படித்துவிட்டு நாடக மேடைக்குப் போனார். அங்கே சாதாரண நடிகையாகவும் இருக்கவில்லை. 1891இல் இப்சனின் ‘ரொஸ்மர்ஷோம்’ நாடகத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்றார். 1894இல் லண்டனில் ஒரு நாடக அரங்கைத் தாமே பொறுப்பெடுத்து, பேர்னாட் ஷோவின் ‘ஆம்ஸ் அன்ட் த மான்’ நாடகத்தை முதன்முதலாக மேடையேற்றினார். யேட்ஸின் நாடகம் ஒன்றையும் அதே பருவத்தில் மேடைக்குக் கொண்டுவந்தார். பின்னர் யாழ் போன்ற ஒரு நரம்புக் கருவியை மீட்டியவாறு கவிதையை ஓதும் முறையொன்றை யேட்ஸோடு சேர்ந்து உருவாக்கினார். மறைஞானச் சங்கம் ஒன்றில் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். ஷோவும் யேட்ஸும் அவருக்கு எழுதிய கடிதங்கள் 1941இல் தனி நூலாகவே வெளிவந்தன.

மணவாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. கணவர் அமெரிக்காவுக்குப் போய்விட, 1895இல் விவாகரத்துப் பெற்றார். மேடையில் நடித்தவர், விவாகரத்தானவர், மறைஞானச் சங்கத்தில் இருந்தவர். 1913இல் தம் குமர்ப்பிள்ளைகளை விடுதியில் கொண்டுவந்து விட்ட யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாருக்கு இதில் எதுவும் தெரிந்திருக்காது என்றே நினைக்கின்றேன். தெரிந்திருந்தால் அடுத்த வண்டியிலேயே பெட்டி படுக்கையோடு திருப்பி அழைத்துப் போயிருப்பார்கள்! இன்றும்கூட எங்களிற் சிலர் அப்படித்தான் செய்வோம்.

அவர் 1910இல் எழுதிய நூலொன்று உண்டு. ‘நவீன பெண்: அவளுடைய நோக்கங்கள்’ என்று அதன் தலைப்பைத் தமிழிற் சொல்லலாம். பெண்களின் வாக்குரிமை, பெண்ணுக்குச் சொந்த வருமானம், விவாகரத்துச் சட்டம் ஆகியவற்றைப் பேசும் சிறு நூல். அதை எழுதி இரண்டு ஆண்டுகளில், தம்மிடம் இருந்தவற்றை விற்றுவிட்டு, ஷோவின் கடிதங்களையும் யேட்ஸின் கடிதங்களையும் ஒரு நண்பரிடம் பெட்டியிலிட்டு ஒப்படைத்துவிட்டு, 52 வயதில் இலங்கைக்குக் கப்பலேறினார். இராமநாதன் துரையை அவர் லண்டனிலேயே அறிந்தவர். துரையின் வேதாந்த சைவசித்தாந்த விளக்கங்கள் அவரைக் கவர்ந்திருந்தன. ஆயினும் அந்த வயதில் அப்படி ஒரு முடிவெடுப்பதற்குத் தத்துவம் மட்டும் போதாது என்பது என் எண்ணம். லண்டன் மேடை வயது போன பெண்களுக்கு இடம் வைத்திருக்கவில்லை. இங்கேயோ ஒரு முழுக் கல்லூரியை ஆளும் பொறுப்பு அவருக்காகக் காத்திருந்தது.

பொறுப்பை அவர் நன்றாகவே செய்தார். எங்கள் வழக்கங்களை மதித்து நடந்ததால் பெற்றோரின் நம்பிக்கையைப் பெற்றார் என்றும், அவர் காலத்தில் கல்லூரி வளர்ந்தது என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகின்றார்கள். தமிழ்ப் பாடல்களை ஆங்கிலப்படுத்தி யேட்ஸுக்கு அனுப்பி வைத்தார். மருதனார்மடத்திலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பாட்டு ஒன்று அந்தக் கவிஞரின் மேசையில் கிடந்திருக்கின்றது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

யேட்ஸ் அவரை மறக்கவில்லை. 1920இல் எழுதிய ‘சகல ஆன்மாக்களின் இரவு’ என்ற பொருள்படும் தலைப்புடைய நீண்ட கவிதையில், இறந்துபோன தம் நண்பர்களை ஒவ்வொருவராக அழைக்கையில் புளோரன்ஸையும் அழைக்கின்றார். அழகு குலைவதைத் தம் நண்பர்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அவர் தூரதேசம் போனார் என்பது கவிஞரின் ஊகம். அக்கவிதையில் எங்கள் பாட்டிமார் வெறும் கரிய தோலினராக மட்டுமே வருகின்றார்கள். உலகப் புகழ்பெற்ற கவிதை ஒன்றில் எமது கல்லூரி இடம்பெறுகின்றது என்று பெருமைப்படலாம். அந்த ஒரு சொல்லோடு எங்களைக் கடந்து போய்விட்டாரே என்று குறைப்படவும் நியாயம் இருக்கின்றது. அந்த வகுப்பறையில் இருந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெயர் இருந்தது.

இந்த இடத்தில் நிறுவுநரைப் பற்றி ஒரு விடயத்தைச் சொல்லாமற் போனால் இக்கட்டுரை வெறும் புகழுரையாகிவிடும். பெண்களுக்காக இவ்வளவு செலவழித்துக் கல்லூரி கட்டிய இராமநாதன் துரை, பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை ஏற்கவில்லை. 1927இல் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது அதை வன்மையாக எதிர்த்தார். தள்ளாத வயதில் லண்டன் வரை சென்றும் முறையிட்டார். 1930 நவம்பர் 26இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு யூனில், 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவரும் வாக்களிக்கும் முதலாவது தேர்தல் இலங்கையில் நடந்தது. வாக்குரிமை பற்றி நூல் எழுதிய ஒருவரை அதிபராக அழைத்து வந்தவரும் வாக்குரிமையை மறுத்தவரும் ஒரே மனிதர்தான். அவர் மனதில் இருந்த படிப்பு வேறு: சைவ ஒழுக்கம் தவறாத, கற்றறிந்த இல்லத்தலைவி. அதற்காக அவரை நான் சிறுமைப்படுத்தவில்லை. அக்காலத்தில் அந்த அளவுக்குக்கூட நினைத்தவர்கள் எத்தனை பேர்?

வன்னியில் இருப்பதால் இன்னொன்றையும் சேர்த்துக் கொள்கின்றேன். அந்த 1931 தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்பது அவர்கள் வாதம். குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன, 1934இல்தான் நிரப்பப்பட்டன. மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி அந்தப் பகிஷ்கரிப்பிற் சேரவில்லை. எனவே கல்லூரிகள் நிறைந்த யாழ்ப்பாணத்துப் பெண்கள் காத்திருந்தபோது, எழுதப் படிக்க வசதியில்லாத எங்கள் காட்டுப்புறம் அரசாங்க சபைக்குத் தன் பிரதிநிதியை அனுப்பிவிட்டது. கிளிநொச்சியிலிருந்து விடுதிக்கு வந்த எங்களை “வன்னியாள்” என்று பகிடி பண்ணிய சிநேகிதிகள் இப்போது ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிப்பார்கள் என்று நம்புகின்றேன்!

இனி அம்மையாரின் இறுதிக் காலம். 1916இல் மார்பில் ஒரு கட்டி கண்டது. புற்றுநோய் என்று தீர்மானிக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் யேட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தாம் இப்போது அமேசன் என்ற புராணப் போர்ப்பெண்ணாகிவிட்டதாகவும், இடது மார்பும் அதன் அடியிலிருந்த தசையும் போய்விட்டதாகவும், முப்பது தையல்களோடு பன்னத் தாவரத்தின் இலைபோல அழகான கோலம் ஒன்று நெஞ்சில் இருப்பதாகவும் வேடிக்கையாக எழுதியிருக்கின்றார். இதை வாசித்தபோது நான் சில நிமிடம் பேசாமல் இருந்தேன். தழும்பைக் கணவனுக்கும் காட்டாமல் மறைத்து வாழும் பெண்கள் பலரை நான் பார்த்திருக்கின்றேன். நூறு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்துப் பாடசாலை அதிபர் ஒருவர் அதை அழகு என்று எழுதுகின்றார்.

தசையையும் சேர்த்து எடுத்தார்கள் என்ற ஒரு குறிப்பே எந்த முறையில் சத்திரசிகிச்சை நடந்தது என்பதைச் சொல்லிவிடுகின்றது. அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹால்ஸ்ரெட் பரப்பிய முறை அது. மார்பு, நெஞ்சுத் தசை, கமக்கட்டின் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் ஒன்றாக அகற்றுவது. அன்று அதற்கு மேல் வைத்தியத்திடம் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. நோய் ஏற்கனவே பரவியிருந்தது. 1917 ஏப்ரல் 29இல் கொழும்பு வைத்தியசாலையொன்றில், 56 வயதில் காலமானார். அவருடைய விருப்பப்படி உடல் தகனம் செய்யப்பட்டது. அஸ்தியை இராமநாதன் துரையே களனி கங்கையிற் கரைத்தார். தந்தையின் பேரேட்டு முறையில் எழுதினால் ஒரே வரி: பெண், 56, மார்புப் புற்றுநோய். அந்த வரியை இன்றும் நான் என் கையால் எழுதிக்கொண்டிருக்கின்றேன். வயது மட்டும் பல வேளைகளில் இன்னும் குறைவு.

கிளிநொச்சியில் என்னிடம் வரும் பெண்களிற் பலர் பிந்தியே வருகின்றார்கள். கட்டி நோகவில்லை, அதனால் பேசாமல் இருந்தேன் என்பார்கள். நோகாத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும் என்பதை எத்தனை தரம் சொன்னாலும் போதாது. 2006 ஓகஸ்ற்றில் பாதை மூடப்பட்ட பின் கட்டியோடு மூன்று ஆண்டுகள் அலைந்தவர்கள் இருக்கின்றார்கள். பங்கருக்குள் இருந்தபோது மார்பைத் தடவிப் பார்க்க யாருக்கு நினைவு வரும்? போர் முடிந்த பின்னும், கதிர்ச் சிகிச்சை என்றால் மகரகமைக்கு, அதாவது 300 கிலோமீற்றருக்கு அப்பால், மொழி தெரியாத ஊருக்குப் போய் வாரக் கணக்கில் தங்க வேண்டியிருந்தது. பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற கேள்வியிலேயே பலருடைய சிகிச்சை நின்றுபோனது. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபவனியிற் சேர்ந்த நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்திருப்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். எமது முதல் அதிபர் வைத்தியத்துக்காகக் கொழும்பு போக நேர்ந்தது. இன்று அதற்கான வைத்தியசாலை மருதனார்மடத்திலிருந்து சில மைல் வடக்கே இருக்கின்றது.

கல்லூரியின் பிற்கால வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. லீலாவதி அம்மையார் கணவரின் மறைவுக்குப் பின்னும் கல்லூரியைத் தாங்கினார். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களோடு உதவி பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. தனியார் கல்லூரி என்ற எமது அரை நூற்றாண்டுக் கதையும் அத்துடன் முடிந்தது. அதே 1960இல் நடேசபிள்ளை அவர்கள் வளவிலேயே சங்கீத அக்கடமியை ஆரம்பித்தார். மகாராஜபுரம் சந்தானம் போன்ற வித்துவான்கள் அங்கே அதிபராக இருந்திருக்கின்றார்கள். பிற்பாடு அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவாயிற்று. பல்கலைக்கழகமே, துரை 1921இல் ஆண்பிள்ளைகளுக்காகத் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் 1974இல் தொடங்கியதுதான். பெண்களுக்கு வாக்குக்கூட வேண்டாம் என்றவரின் காணியில் இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் பட்டம் பெறுகின்றார்கள். நானும் அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடத்திலே படித்தவள். நிறுவுநர் நினைத்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டோம். ஃபார் அம்மையார் இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

புகழ்பெற்ற பழைய மாணவிகளின் பட்டியலை இம்மலரின் வேறு பக்கங்களிற் காண்பீர்கள். பேராசிரியர்கள், அதிபர்கள், சங்கீத வித்துவான்கள், என்னைப் போன்ற வைத்தியர்கள். அதில் ஒரு குறை எனக்குப் படுகின்றது. என் வகுப்பில் என்னோடு கணிதத்தில் போட்டி போட்ட ஒருத்தி முல்லைத்தீவில் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கின்றாள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வெளியேறியபோது அவளும் ஒரு பையோடு வந்தவள். பின் கிளாலி கடந்து வன்னிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டாள். மரத்தின் கீழும் தறப்பாளின் கீழும் பிரசவம் பார்த்தவள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் சரியான எண்ணிக்கை சொல்லுவாள். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். அந்தக் கொப்பியை 2009இல் தொலைத்துவிட்டாள். இன்னொருத்தி இரணைமடுவுக்கு அண்மையில், இராமநாதபுரத்தில், ஆரம்பப் பிரிவு ஆசிரியை. என் கிளினிக்குக்கு வரும் தாய்மாரிற் சிலர் அவளிடம் அ, ஆ படித்தவர்கள். ஊரின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கல்லூரி வாசல் நினைவில் வரும். இவர்கள் இருவரும் எந்த மலரிலும் இடம்பெற்றதில்லை. கேட்டாலும் படம் தர மாட்டார்கள்.

செட்டிகுளம் முகாம்களில் 2009இல் கொப்புளிப்பானும் செங்கண்மாரியும் பரவியபோது, நாளாந்தம் எத்தனை பேர் என்று ஒரு பேப்பரில் கோடு வரைந்து பார்த்தோம். ஏறி, வளைந்து, இறங்கிய அந்தக் கோடு வில்லியம் ஃபார் 1840இல் சொன்ன கோடுதான். நோயாளரை எண்ண எங்களால் முடிந்தது. அதற்கு முந்திய மாதங்களில் இறந்தவர்களை எண்ண முடியவில்லை. காணாமற் போனோருக்கு மரணச் சான்றிதழ் வழங்க 2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. காரணம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமலும், எழுதினால் தேடுவதை நிறுத்த வேண்டி வரும் என்று அஞ்சியும் அந்தப் பத்திரத்தை வாங்காத தாய்மார் என்னிடம் வருகின்றார்கள். அவர்களிற் சிலருடைய பிள்ளைகள் எமது கல்லூரியிற் படித்தவர்கள்.

ஆகவே சங்கத்தினரிடம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, 1913 தொடக்கம் இன்றுவரை எமது கல்லூரியிற் சேர்ந்த ஒவ்வொருத்தியின் பெயரையும் கொண்ட ஒரு பேரேடு. பிரபலமானவள், ஆகாதவள், இடையில் விட்டுப்போனவள், எங்கே போனாள் என்று தெரியாதவள் என்ற பேதம் வேண்டாம். சேர்வு இடாப்புகளில் எஞ்சியவற்றைப் பார்த்தும், எஞ்சாதவற்றுக்கு அந்தந்த ஆண்டு மாணவிகளைக் கேட்டும் எழுதலாம். லண்டனிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் கிளைகள் தத்தம் வகுப்புகளைப் பொறுப்பெடுத்தால் இரண்டு ஆண்டுகளில் முடிக்கக் கூடிய வேலை. எண்பதைத் தாண்டிய அக்காமாரிடம் முதலிற் போக வேண்டும்.

இரண்டாவது, ஃபார் அம்மையாரின் பெயரால் ஒரு சிறு நிதி. கட்டடம் எதுவும் வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து சிகிச்சைக்காகத் தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ போகும் பெண்ணுக்குப் பஸ் காசும், அவள் திரும்பி வரும்வரை வீட்டிலே பிள்ளைகளுக்குச் சோறாக்கிக் கொடுக்கும் ஒருவருக்குக் கூலியும் கொடுக்க அது உதவினாற் போதும். என்னுடைய முதலாவது பங்கைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.

இதை வாசிக்கும் அக்காமாரே, தங்கச்சிமாரே, 35 வயதைக் கடந்தவர்கள் எங்கிருந்தாலும் உங்கள் ஊரிலுள்ள பரிசோதனைக்குப் போங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழும் சுகவனிதையர் கிளினிக் நடக்கின்றது, காசு இல்லை. மாதத்தில் ஒருநாள் குளிக்கும்போது உங்கள் கையாலேயே தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால், நொந்தாலும் நோகாவிட்டாலும், அந்தக் கிழமையிலேயே காட்டுங்கள்.